26 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் உங்கள் மொட்டைமாடி வரை வருமா? கணக்கிட்டுப் பார்க்கும் முழு வழிகாட்டி

26 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களில், அதாவது மில்லிமீட்டர் அலைகளில், ஓர் இடத்துக்கு சிக்னல் போகுமா போகாதா என்பதைத் தூரத்தைவிட இடையில் நிற்கும் பொருள்கள்தான் முடிவு செய்கின்றன. ரேடியோ திட்டமிடலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பவர், பிறகு தூரம், பிறகு ஒரு சூத்திரம். விடை பிரமாதமாக வந்திருக்கும். இடத்துக்குப் போய் அளந்தால் 30 டெசிபெல் காணாமல் போயிருக்கும்.

அதனால் இங்கே சொல்லும் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். இந்தியாவில் 2022 ஏலத்தில் விற்கப்பட்ட 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையை (24.25 முதல் 27.5 வரை) எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தெருவோரத்தில் 10 மீட்டர் கம்பத்தில் ஒரு 5ஜி ஆன்டெனா. 300 மீட்டர் தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டின் மொட்டைமாடியில் இணையத்துக்காகப் பொருத்தும் ஓடியு (வெளிப்புறக் கருவி) பெட்டி ஒன்று, கீழே தெருவில் ஒருவர் கையில் கைபேசி ஒன்று. இரண்டுக்கும் கணக்குப் போடப் போகிறோம்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஆன்டெனாவின் தகவல் தாளிலிருந்து நான்கு எண்கள் வேண்டும்: இஐஆர்பி (ஆன்டெனா கெயினும் சேர்ந்த அனுப்பும் பவர்), ஆன்டெனா கெயின் (ஆற்றலை ஒரு திசையில் குவிப்பதால் வரும் லாபம்), அலைவரிசை அகலம், ரிசீவரின் நாய்ஸ் ஃபிகர் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சல்). கட்டட உயரங்கள் தெரியும் வரைபடமும், மாடியிலிருந்து கம்பத்தை நோக்கி எடுத்த ஒரு புகைப்படமும் வேண்டும். புகைப்படம் இல்லாமல் தொடங்காதீர்கள். மரமும் புதிதாக எழுந்த கைப்பிடிச் சுவரும் எந்த வரைபடத்திலும் இருக்காது.

கால்குலேட்டரில் 'லாக்' பொத்தானை அழுத்தி 100 கொடுத்துப் பாருங்கள். 2 என்று வர வேண்டும். 4.6 என்று வந்தால் அது இயல் மடக்கை, இந்தக் கணக்குக்கு ஆகாது.

டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் பவரின் அளவு. டெசிபெல் என்பது விகிதம். டிபிஎம்மோடு டெசிபெல்லைக் கூட்டலாம், கழிக்கலாம். இரண்டு டிபிஎம்களை ஒன்றோடொன்று கூட்டவே கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பது டெசிபெல். இந்த விதி பழகாதவரை மேலே போவதில் பயனில்லை.

2. முதலில் பாதையைப் பாருங்கள்

சூத்திரத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கம்பத்தின் ஆன்டெனா, ஓடியு வைக்கப்போகும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதா? அடுத்த படியில் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்பதே இந்த விடையைப் பொறுத்தது.

தெரிகிறது என்றால், இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்று பாருங்கள். ரேடியோ அலை மெல்லிய கோடாகப் போவதில்லை. நேர்கோட்டைச் சுற்றிப் பருத்த வடிவில் ஓர் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். பாதையின் நடுவில் அதன் ஆரம், அலைநீளத்தையும் தூரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்ததில் பாதி. 26 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11.5 மில்லிமீட்டர். 300 மீட்டருக்கு ஆரம் ஏறக்குறைய 93 சென்டிமீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 56 சென்டிமீட்டர், தடையில்லாமல் இருந்தால் போதும்.

அதிக அதிர்வெண்ணுக்கு இது ஒரு வசதி. இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒன்றேகால் மீட்டர் சந்து கிடைத்தாலே சிக்னல் புகுந்து வந்துவிடும். ஆனால் கோடு மறைந்துவிட்டால் இதே வசதி நமக்கு எதிராகத் திரும்புகிறது. அலைநீளம் சிறியதாக இருப்பதால், ஓரங்களைச் சுற்றி வளைந்து வரும் பங்கு மிகக் குறைவு.

நான் அதிகம் பார்க்கும் தவறு கைப்பிடிச் சுவரில்தான். காற்றில் ஆடக்கூடாது, கண்ணுக்கு உறுத்தக்கூடாது என்று ஓடியுவை மொட்டைமாடிச் சுவருக்குப் பின்னால் தாழ்த்தி வைத்துவிடுகிறார்கள். சுவரின் மேல்விளிம்பைத் தொட்டு வரும் கோட்டுக்கு அரை மீட்டர் கீழே, சுவரிலிருந்து 5 மீட்டர் உள்ளே பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். 26 ஜிகாஹெர்ட்ஸில் அந்த விளிம்பு மட்டும் ஏறக்குறைய 22 டெசிபெல்லைத் தின்றுவிடும். 3.5 ஜிகாஹெர்ட்ஸில் 14, 900 மெகாஹெர்ட்ஸில் 11 அளவுக்குத்தான். பழைய 4ஜி அனுபவத்தில் 'கொஞ்சம் மறைத்தால் என்ன' என்று தோன்றுவது இதனால்தான். ஒரு மீட்டர் குழாய் வாங்கி உயர்த்தினால் 22 டெசிபெல் திரும்பிவிடும். அதற்கு இணையான லாபம் எந்த விலையுயர்ந்த ஆன்டெனாவிலும் எளிதில் கிடைக்காது.

தெருவில் நடப்பவரின் கைபேசிக்கு இப்படி ஒவ்வோர் இடமாகப் பார்க்க முடியாது. அங்கே நிகழ்தகவுதான் வழி. கைபேசித் தரங்களை வகுக்கும் அமைப்பான 3ஜிபிபியின் 38.901 அறிக்கையில் உள்ள தெருவோரச் சிறுநிலைய மாதிரி, 18 மீட்டருக்குள் நேர்ப்பார்வை உறுதி என்று எடுத்துக்கொள்கிறது. 100 மீட்டரில் அந்த வாய்ப்பு 23 சதவீதம். 300 மீட்டரில் 6 சதவீதம். ஆகவே நம் கைபேசிக்கு நேர்ப்பார்வை இல்லை என்றே கணக்கிட வேண்டும்.

3. தூரத்தின் இழப்பு

நேர்ப்பார்வை உள்ள ஓடியுவுக்கு:

இழப்பு = 32.4 + 21 × லாக்(தூரம்) + 20 × லாக்(அதிர்வெண்)

நேர்ப்பார்வை இல்லாத, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கைபேசிக்கு:

இழப்பு = 22.4 + 35.3 × லாக்(தூரம்) + 21.3 × லாக்(அதிர்வெண்)

இரண்டும் அதே 38.901 அறிக்கையின் சூத்திரங்கள். தூரம் மீட்டரில், அதிர்வெண் ஜிகாஹெர்ட்ஸில். 300 மீட்டருக்கும் 26 ஜிகாஹெர்ட்ஸுக்கும் போட்டால் முதலாவது 112.7 டெசிபெல், இரண்டாவது 140 டெசிபெல். ஒரே தூரம், 27 டெசிபெல் வித்தியாசம். பவரில் இது 500 மடங்கு. இரண்டாம் படியை முதலில் வைத்ததன் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது.

அலகுகளில் ஒரு பொறி உண்டு. வெற்றுவெளிச் சூத்திரத்தில் மீட்டரும் ஜிகாஹெர்ட்ஸும் சேர்ந்தாலும், கிலோமீட்டரும் மெகாஹெர்ட்ஸும் சேர்ந்தாலும் மாறிலி 32.4தான். கிலோமீட்டரோடு ஜிகாஹெர்ட்ஸைச் சேர்த்தால் அது 92.4 ஆகிவிடும். கலந்து போட்டால் விடை சரியாக 60 டெசிபெல் தவறும். உங்கள் விடை 60 அளவுக்கு நம்பமுடியாததாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அலகைப் பாருங்கள்.

இன்னொன்றை இங்கே நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஐந்தாம் படி இதன்மேல்தான் நிற்கிறது. சூத்திரத்தில் அதிர்வெண் ஏறினால் இழப்பு ஏறுகிறது. உடனே 'உயர் அதிர்வெண் காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும்' என்று முடிவுகட்டுகிறார்கள். வெற்றுவெளியில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அலை பரவி விரிவது எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றுபோலத்தான். அந்த அதிர்வெண் உறுப்பு, கெயின் இல்லாத ஆன்டெனா ஒன்று எவ்வளவு பரப்பிலிருந்து ஆற்றலைப் பிடிக்கும் என்பதிலிருந்து வருகிறது. அலைநீளம் பாதியானால் அந்தப் பரப்பு கால்வாசி ஆகும். இழப்பு ஆன்டெனாவின் சிறுமையில் இருக்கிறது, காற்றில் இல்லை. ஆன்டெனாவின் பரப்பைக் குறையாமல் வைத்தால் அந்த இழப்பை மீட்டுவிடலாம்.

4. தடைகளின் விலைப்பட்டியல்

*கண்ணாடி.* சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு 38.901 தரும் கணக்கு: 2 + 0.2 × அதிர்வெண். 26 ஜிகாஹெர்ட்ஸில் 7.2 டெசிபெல். தாங்கிக்கொள்ளலாம். வெயிலைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் 23 + 0.3 × அதிர்வெண், அதாவது 31 டெசிபெல். புதிய அலுவலகங்களிலும் அடுக்குமாடிகளிலும் இந்தக் கண்ணாடி பரவலாகிவிட்டது. வெறும் கண்ணால் வித்தியாசம் தெரியாது என்பதால், கட்டடத்தாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

*கான்கிரீட்.* 5 + 4 × அதிர்வெண். 26 ஜிகாஹெர்ட்ஸில் 109 டெசிபெல். இதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், பாதை மூடிவிட்டது என்று எழுதுங்கள். வீட்டுக்குள் சிக்னல் வருகிறது என்றால் அது ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோதான் வந்திருக்கும்.

*மரம்.* வைஸ்பெர்கர் மாதிரியின்படி, 14 மீட்டர் தடிமன்வரை இழப்பு = 0.45 × அதிர்வெண்ணின் 0.284 அடுக்கு × இலைகளின் தடிமன். 26 ஜிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 1.1 டெசிபெல். இலைகள் 10 மீட்டர் தடிமனுள்ள ஒரு வேப்பமரம் 11 டெசிபெல் வாங்கும். இலை நனைந்தால் இன்னும் கூடும். இலையுதிர்ந்த நாளில் ஆய்வுக்குப் போனால் மரத்தின் வழியே கம்பம் நன்றாகத் தெரியும், 'நேர்ப்பார்வை உண்டு' என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவோம். துளிர்த்ததும் புகார் வரும். வெற்றுக் கிளையைப் பார்த்தாலும் முழு மரத்துக்குக் கணக்கிடுங்கள்.

*மழை.* இதைத்தான் எல்லோரும் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். ஐடியு-ஆர் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ பிரிவு) பி.838 பரிந்துரையின்படி, மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் 26 ஜிகாஹெர்ட்ஸ் கிலோமீட்டருக்கு 13 முதல் 16 டெசிபெல் இழக்கும். நம் பாதை 300 மீட்டர்தான், ஆகவே 5 டெசிபெல் ஒதுக்கினால் போதும். இங்கே போட வேண்டியது மழையின் வேகம். அன்றைக்கு மொத்தம் பெய்த அளவையோ ஆண்டு சராசரியையோ போட்டால் விடைக்குப் பொருளே இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் நாள் முழுக்கத் தூறும் மழை சிக்னலை ஒன்றும் செய்யாது. கோடை இடிமழையின் கால் மணி நேரம்தான் ஆபத்து.

*காற்று.* ஆக்சிஜன் உறிஞ்சல் 60 ஜிகாஹெர்ட்ஸ் அருகில் கிலோமீட்டருக்கு 15 டெசிபெல்வரை போகும். அந்த எண்ணை எங்கோ படித்துவிட்டு 26க்கும் போடுகிறார்கள். 26 ஜிகாஹெர்ட்ஸில் ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்தாலும் 300 மீட்டருக்கு ஒரு டெசிபெல்லின் சிறு பகுதிதான். விட்டுவிடலாம்.

*மனித உடல்.* குறுக்கே ஒருவர் நின்றால் 20 டெசிபெல் அல்லது அதற்கு மேல் போகும். கைபேசிக்கு இது எப்போதும் உள்ள தடை, வைத்திருப்பவரே தடையாகிவிடுகிறார்.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழை இரட்டைக் கழிப்பு. நேர்ப்பார்வை இல்லாத சூத்திரத்தை எடுத்தால், வெளியே உள்ள கட்டடங்களும் மரங்களும் சராசரியாக அதற்குள்ளேயே இருக்கின்றன. அதன்மேல் மரத்தைத் தனியாகக் கழிக்காதீர்கள். ஓடியுவுக்கும் கம்பத்துக்கும் இடையே மரம் மட்டுமே நின்றால், நேர்ப்பார்வைச் சூத்திரத்தை எடுத்து அதோடு மரத்தின் இழப்பைச் சேருங்கள்.

5. பீமின் கெயின்

அலைநீளம் சிறியதால் அரை அலைநீள இடைவெளியில் 16 × 16 சிறு ஆன்டெனா உறுப்புகளை 9 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடுக்கிவிடலாம். 256 உறுப்புகள் 24 டெசிபெல் தரும். ஒவ்வோர் உறுப்பின் சொந்தக் கெயின் 5 என்று வைத்தால் மொத்தம் 29. மூன்றாம் படியில் சுருங்கிப்போன பிடிபரப்பை இப்படித்தான் மீட்கிறோம்.

ஒன்றேகால் வாட் பவர் ஏறக்குறைய 31 டிபிஎம். அதோடு 29 சேர்ந்தால் 60 டிபிஎம். இதுதான் இஐஆர்பி. தகவல் தாளில் இஐஆர்பி கொடுத்திருந்தால் ஆன்டெனா கெயின் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. மறுபடி 29ஐச் சேர்த்து 89 என்று எழுதுவது, நான் திருத்தித் தரும் கணக்குகளில் தவறாமல் வரும் பிழை.

பெரிய கெயினுக்கு விலை, பீம் (ஆன்டெனா ஆற்றலைக் குவித்து அனுப்பும் கற்றை) குறுகிவிடுவது. 16 உறுப்பு வரிசையின் பீம் 6 பாகையை ஒட்டித்தான் அகலம் இருக்கும். அதனால் நிலையம் தன் ஒத்திசைவு சிக்னலை வெவ்வேறு திசைகளில் அதிகபட்சம் 64 பீம்களாக மாறிமாறி அனுப்புகிறது. பெறும் கருவி அதில் சிறந்ததைத் தெரிவிக்கிறது. பீம் ஒருபோதும் துல்லியமாக நேருக்கு நேர் அமையாது என்பதால் 3 டெசிபெல் கழித்துக்கொள்ளுங்கள்.

6. நாய்ஸ்

நாய்ஸ் = −174 + 10 × லாக்(அலைவரிசை அகலம் ஹெர்ட்ஸில்) + நாய்ஸ் ஃபிகர்

400 மெகாஹெர்ட்ஸுக்கு நடு உறுப்பு 86. ஓடியுவின் நாய்ஸ் ஃபிகர் 9 என்றால் −79 டிபிஎம். கைபேசிக்கு 10 வைத்தால் −78. அகலத்தை நான்கில் ஒன்றாக்கினால் நாய்ஸ் 6 டெசிபெல் இறங்கும். அகலமான பட்டை வேகத்தைத் தரும்போது நாய்ஸையும் கூடவே அள்ளி வருகிறது. எட்டாம் படியில் இது கைகொடுக்கும்.

7. எல்லாவற்றையும் கூட்டுங்கள்

ஓடியுவின் கெயின் 20 என்று வைப்போம்.

60 − 112.7 + 20 = −32.7 டிபிஎம். நாய்ஸ் −79. வித்தியாசம் 46 டெசிபெல்.

இதைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். பீம் விலகலுக்கு 3, மழைக்கு 5. கூடவே நிழல் விலகலுக்கு 5: அதே தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு ஒரே சிக்னல் கிடைப்பதில்லை, நேர்ப்பார்வையில் திட்ட விலக்கம் 4 டெசிபெல், பத்தில் ஒன்பது இடங்களில் வேலை செய்ய அதை 1.28ஆல் பெருக்க வேண்டும். மிச்சம் 33.

இனி அந்த ஒரே வீட்டை வெவ்வேறு நிலையில் பாருங்கள்:

- மாடியில், பார்வை தெளிவாக: 33
- மாடியில், வேப்பமரத்துக்குப் பின்னால்: 22
- மரமில்லை, சாதாரண ஜன்னலுக்கு உள்ளே: 26
- மரமில்லை, பூச்சுக் கண்ணாடிக்கு உள்ளே: 2
- மரமும் பூச்சுக் கண்ணாடியும்: −9

22 டெசிபெல் இருந்தால் 64 கியூஏஎம் (வேகமாகத் தரவு அனுப்பும் முறை) தாராளமாக ஓடும். 2 டெசிபெல்லில் இணைப்பு பெயருக்கு இருக்கும். −9இல் இருக்காது. கம்பமும் மாறவில்லை, தூரமும் மாறவில்லை. பெட்டியை வீட்டுக்குள் வைப்பதா மாடியில் வைப்பதா என்ற ஒரே முடிவில் 31 டெசிபெல் இருக்கிறது. வாடிக்கையாளர் 'உள்ளேயே வையுங்கள்' என்று கேட்டால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

8. அப்லிங்கைத் தனியாகப் போடுங்கள்

நிலையத்திலிருந்து கருவிக்கு வருவது டவுன்லிங்க், கருவியிலிருந்து நிலையத்துக்குப் போவது அப்லிங்க். பாதை இழப்பு இரு திசையிலும் ஒன்றுதான். அனுப்பும் பவர் அப்படியில்லை. 3ஜிபிபி விதிப்படி 26 ஜிகாஹெர்ட்ஸ் கைபேசியின் உச்ச இஐஆர்பி குறைந்தது 22.4 டிபிஎம் இருக்க வேண்டும். நிலைத்த இணையக் கருவிகளுக்கான முதல் பவர் வகுப்பில் அது 40.

தெருவில் உள்ள கைபேசிக்கு டவுன்லிங்க், கெயின் 9 என்று வைத்தால்: 60 − 140 + 9 = −71. நாய்ஸ் −78. 7 டெசிபெல் கிடைக்கிறது.

அப்லிங்க்: 22.4 − 140 + 29 = −88.6. நிலையத்தின் நாய்ஸ் ஃபிகர் 7 என்றால் 400 மெகாஹெர்ட்ஸுக்கு நாய்ஸ் −81. விடை −7.6. அனுப்பும் அகலத்தை 100 மெகாஹெர்ட்ஸாகச் சுருக்கினால் −1.6. இதற்குப் பிறகுதான் நிழல் விலகல் வருகிறது. நேர்ப்பார்வை இல்லாதபோது அதன் திட்ட விலக்கம் 7.8, எனவே இன்னும் 10 போக வேண்டும்.

கைபேசியில் சிக்னல் கோடுகள் தெரிந்தும் ஒரு படம்கூட மேலே ஏறாமல் நிற்பது இதனால்தான். டவுன்லிங்கை மட்டும் கணக்கிட்டு நிலையத்தின் எல்லையை வரைந்தால், அந்த எல்லைக்குள் பலருக்குப் பேச்சு ஒருவழிதான். அப்லிங்கை 3.5 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற கீழ்ப்பட்டையில் ஓட்டி, 26ஐ டவுன்லிங்குக்கு வைத்துக்கொள்வதே இதற்கு வழக்கமான தீர்வு. முதல் வகுப்பு ஓடியுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. 40 − 112.7 + 29 = −43.7, 100 மெகாஹெர்ட்ஸ் நாய்ஸுக்கு மேல் 43 டெசிபெல்.

9. இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள்

கணக்கில் −33 டிபிஎம், கருவியில் −70 என்று வந்ததும் பதறுகிறார்கள். கருவி காட்டுவது ஆர்எஸ்ஆர்பி, அதாவது ஒரே ஒரு துணைக்கேரியரின் (பட்டையைப் பிரித்த மெல்லிய கூறு ஒன்றின்) பவர். 120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 400 மெகாஹெர்ட்ஸுக்கு 264 ரிசோர்ஸ் பிளாக்குகள் (துணைக்கேரியர்களின் தொகுதிகள்), ஒவ்வொன்றிலும் 12 என 3168 துணைக்கேரியர்கள். அது 35 டெசிபெல். −33இலிருந்து 35 கழித்தால் −68. ஒத்திசைவு பீம்கள் தரவு பீமைவிட அகலமாக அமைக்கப்பட்டிருந்தால் இன்னும் சில டெசிபெல் குறையும். ஆக, −70 நல்ல விடைதான்.

அளக்கும்போது பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, கையை எடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள். பிறகு பெட்டியை ஒரு சாண் இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தி மறுபடி படியுங்கள். அலைநீளம் ஒரு சென்டிமீட்டர் என்பதால், தண்ணீர்த் தொட்டியிலோ தகரக் கூரையிலோ பட்டுத் திரும்பும் அலை ஓரிடத்தில் சேர்ந்தும் பக்கத்திலேயே கழிந்தும் போகும். ஒரே ஓர் இடத்தில் எடுத்த எண்ணை நம்பிக் குழாயை அடித்துவிட்டால் மோசமான புள்ளியிலேயே நிரந்தரமாக மாட்டிக்கொள்ளலாம்.

அளந்தது கணக்கைவிட 5 டெசிபெல் குறைந்தால் விட்டுவிடுங்கள், அது நிழல் விலகலுக்குள் அடங்கும். 10 குறைந்தால் மரத்தையோ திசையையோ தேடுங்கள். 20க்கு மேல் என்றால் ஏதோ ஒரு விளிம்பு நேர்கோட்டை மறைக்கிறது, அல்லது நேர் பாதை போய்த் தெறிப்பில் வந்த பீமைக் கருவி பிடித்திருக்கிறது. நிலையத்திலிருந்து பீம் எண்ணைக் கேட்டு, அந்தப் பீம் பார்க்கும் திசையில்தான் வீடு இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

10. வேறு அதிர்வெண்ணுக்கு மாற்ற

இதே தாளில் அதிர்வெண்ணை மட்டும் மாற்றி 6ஜிக்கும் பயன்படுத்தலாம். 2023இல் துபாயில் நடந்த உலக ரேடியோ மாநாடு, அடுத்த மாநாட்டுக்கான ஆய்வில் சேர்த்த பட்டைகளில் 7.125 முதல் 8.4 ஜிகாஹெர்ட்ஸும் ஒன்று. 7.5ஐப் போட்டுப் பாருங்கள். தூரத்தின் இழப்பு 26ஐவிட ஏறக்குறைய 11 டெசிபெல் குறையும், பூச்சுக் கண்ணாடி 25க்கு இறங்கும், கான்கிரீட் 109இலிருந்து 35க்கு வரும். மூடிய பாதை என்று எழுதிய இடத்தில் இப்போது ஓர் எண்ணை எழுத முடிகிறது.

140 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் தூரத்தின் இழப்பு 14.6 டெசிபெல் கூடும். ஆன்டெனாவின் பரப்பைக் குறைக்காமல் உறுப்புகளைக் கூட்டினால் அதை ஈடுகட்டலாம், ஆனால் பீம் இன்னும் மெலியும். மழை, மரம் இரண்டையும் புதிய அதிர்வெண்ணுக்கு முதலிலிருந்து கணக்கிட வேண்டும். 26க்குப் போட்ட எண்களை அப்படியே நகலெடுத்து வைத்துவிடாதீர்கள்.